உண்மை நகல்

பெறுநர் என்ற இடத்தில்
பதிவேட்டு அலுவலகம், மூன்றாம் பிரிவு என்று
ஐந்து முறை எழுதியாகிவிட்டது.
அனுப்புநர்: முன்னாள் நாயக் த. வைரக்கண்ணு,
தில்லைவிளாகம், திருத்துறைப்பூண்டி வட்டம்.
பொருள்: மறுசேர்க்கை ஊக்கத்தொகை
நாற்பத்தெட்டாயிரம், வராதது.

ஐயா,
பதினைந்து வருடம் முடிந்து பெட்டி கட்டியிருந்தேன்.
இன்னும் மூன்று வருடம் இருப்பவனுக்கு
மொத்தமாக ஒரு தொகை என்றார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.
இருந்தேன்.
நான் இருந்தது மட்டும் உங்கள் கணக்கில் இருக்கிறது.

இவ்வளவுதான் விஷயம்.
முதல் மனுவில் இதை நான்கு பக்கம் எழுதினேன்,
பனி, மூச்சுத்திணறல்,
பெற்ற பிள்ளையைப் புகைப்படத்தில் பார்த்தது எல்லாம்.
மூன்றாவதில் பனி இல்லை.
ஐந்தாவதில் ‘தயவுசெய்து’ கூட இல்லை.

அந்தப் பணத்தை வருமுன்பே செலவழித்ததுதான் கோளாறு.
குஞ்சம்மாள் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து
ஐந்து குதிரை மோட்டார் இறக்கினாள்.
தண்ணீர் உப்பு.
மோட்டாரை விற்றோம். சங்கிலி ஏலத்துக்குப் போனது.
ஏல அறிவிப்பு மட்டும் சரியான தேதியில் வந்தது.

கடைமடைக்காரனுக்குக் காத்திருக்கத் தெரியாதா?
கல்லணை தாண்டிற்றா, மூணாறு தலைப்பில் பிரித்தார்களா என்று
ஊர் ஊராகத் தண்ணீரை விசாரிக்கிறவர்கள் நாங்கள்.
ஆனால் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று தெரியும்,
லஸ்கரிடம் போய்ச் சண்டை போடலாம்.
கோப்புக்கு லஸ்கர் கிடையாது.

இந்த முறை பதில் வந்தது, இணைப்போடு.
திட்டம் பிப்ரவரி 12-இல் முடிந்தது,
தங்கள் படிவம் 14 தேதியிட்டது,
ஆகவே தகுதியில்லை.
கூடவே படிவத்தின் நகல்.
இருபத்தோரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறேன்.
குளிரில் ‘வை’யின் சங்கிலிக்கொம்பு அறுந்திருக்கிறது.
வலது மூலையில் மை கொட்டியதுபோல் கறுப்பு.

மை இல்லை. நெருப்பு.
பதினோராம் தேதி ராத்திரி பதுங்குகுழியில்
மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்து காகிதம் பற்றியது.
இடது கையால் அடித்து அணைத்தேன்.
காகிதத்தை விடுடா என்று கெட்ட வார்த்தையில் திட்டியபடியே
தேஜ்பால் என் கைமேல் பனியை அள்ளிக் கொட்டினான்.
விடவில்லை. அதில் கையெழுத்துப் போட்டிருந்தேனே.
மூன்று நாள் ஹெலிகாப்டர் வரவில்லை.
கீழே இருந்த எழுத்தர்
தன் மேசைக்கு வந்த தேதியை எழுதிக்கொண்டார்.

டிரங்குப் பெட்டியில் மருத்துவப் புத்தகம் இருந்தது.
ஒன்பதாம் பக்கம், நர்சிங் அசிஸ்டென்டின் கோணல் எழுத்து:
11 பிப்ரவரி. தீக்காயம். இடது உள்ளங்கை.

ஷம்ஷாத்தின் ஜெராக்ஸ் கடையில்
அந்தப் பக்கத்துக்கு இரண்டு நகல் எடுத்தேன்.
பிறகு கண்ணாடிமேல் கையை வைத்தேன்.
“மெஷின் கெட்டுப்போகும்” என்றாள்.
அப்புறம் அவளே மூடியைத் தாழ்த்தி,
வெளிச்சம் கசியாமல் துண்டைப் போர்த்தி, பொத்தானை அழுத்தினாள்.
கை கறுப்பாக வந்தது. தழும்பு மட்டும் வெள்ளை,
வரைபடத்தில் கோரையாறு கடலில் விழுகிற இடம்போல.
கைக்கும் இரண்டு ரூபாய்தான்.

அத்தாட்சிக்குத் தலைமையாசிரியை அற்புதமேரி. பச்சை மை.
மற்றவற்றில் நிமிராமல் கையெழுத்திட்டவர்
இணைப்பு நான்கில் நின்றார்.
“அசல் எங்கே?”
நீட்டினேன்.
கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு
நகலில் ஒரு கோடு, என்னிடம் ஒரு கோடு என்று
விரல் வைத்துப் பார்த்தார்.
மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள்.
அவர் சுண்டுவிரல் வரை வந்து முடித்து
‘அசலுடன் ஒப்பிடப்பட்டது’ என்று முத்திரை குத்தினார்.
தேதி, டீச்சர் என்றேன்.
போட்டார்.
கொஞ்சம் யோசித்து, அதன் கீழே
நேரத்தையும் போட்டார்:
பகல் 12.40.